வாசகர் கேள்வி–பதில்: பெஸ்கி வரும் வாய்க்கு புருஸ்கெத்தா வராதா?

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: "இத்தாலியச் சொற்களை நாம் இங்கிலீஷ் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறோம், அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தமிழ்க் காதோடு போனால் பாதி வேலை முடிந்தது." போகிற போக்கில் எழுதியதுதான். அதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதி பாராட்டு, பாதி சண்டை. சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

சென்னை வாசகர்: அடையாறில் ஒரு இத்தாலிய உணவகத்தில் 'புருஸ்கெட்டா' கொண்டு வரச் சொன்னேன். பரிமாற வந்த பையன் 'புருஷெட்டாவா சார்?' என்று திருத்தினான். மனைவி, மச்சினன் எல்லாம் சிரித்துவிட்டார்கள். யார் சொன்னது சரி?

நீங்கள்தான். நூற்றுக்குத் தொண்ணூறு போடலாம், மீதிப் பத்து ஏன் குறைந்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

இத்தாலியத்தில் சி என்ற எழுத்து அ, ஒ, உ ஒலிகளுக்கு முன்னால் வந்தால் 'க', எ, இ ஒலிகளுக்கு முன்னால் வந்தால் 'ச்ச'. சரி, எ, இ-க்கு முன்னாலும் க வேண்டும் என்றால் என்ன செய்வது? நடுவில் ஒரு ஹெச் எழுத்தைச் செருகிவிடுவார்கள். அந்த ஹெச்சுக்குச் சொந்தக் குரல் கிடையாது. வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி, க-வை ச ஆகவிடாமல் காப்பது மட்டும்தான் அதன் வேலை. ஜி எழுத்துக்கும் இதே கதை. 'ஸ்பாகோ' என்றால் கட்டுகிற நூல், சணல். சின்ன நூல் 'ஸ்பகெத்தோ', பல நூல்கள் 'ஸ்பகெத்தி'. எ வந்ததும் க கெட்டுப்போகாமல் இருக்கத்தான் ஸ்பகெத்தியின் எழுத்தில் அந்த ஹெச் வந்து உட்கார்ந்திருக்கிறது. லம்போர்கீனி காரின் பெயரில் இருப்பதும் அதுவே.

இதை மறக்காமல் இருக்க நமக்கு ஒரு ஆள் இருக்கிறார். வீரமாமுனிவர்! மாந்துவா நகரத்துப் பக்கம் ஒரு சிற்றூரில் 1680-இல் பிறந்த கொஸ்தான்ஸோ ஜுசெப்பே பெஸ்கி. அவர் பெயரின் நடுவில் இருக்கும் எஸ், சி, ஹெச் என்ற அதே மூன்று எழுத்துகள்தான் புருஸ்கெத்தாவின் நடுவிலும் இருக்கின்றன. நம் பள்ளிக்கூடங்களில் யாராவது 'பெஷி' என்று படித்தோமா? பெஸ்கி என்றுதானே தலைமுறை தலைமுறையாகச் சரியாகச் சொல்லி வருகிறோம். ஏன் என்றால் அந்தப் பெயர் நேராக நம்மிடம் வந்தது. புருஸ்கெத்தா இங்கிலீஷ் மெனு அட்டை வழியாக வந்தது.

அந்தப் பத்து மதிப்பெண்: ட. இத்தாலிய 'த' பல்லில் நாக்கு படும் த, நம்முடைய த போலவே. இங்கிலீஷ்காரருக்கு அந்த இடத்தில் நாக்கு சற்றுப் பின்னால் போய்விடும், அதைக் கேட்டு நாம் ட போட்டுவிட்டோம். பாஸ்டா, ஸ்பகெட்டி, லாட்டே எல்லாம் லண்டன் சுற்றி வந்த உச்சரிப்புகள். பஸ்தா, ஸ்பகெத்தி, லத்தெ என்று சொல்லிப் பாருங்கள், இத்தாலிக்காரர் திரும்பிப் பார்ப்பார். அப்புறம், ரோம் வட்டாரப் பேச்சில் 'புருஸ்காரெ' என்றால் தணலில் வாட்டுவது. வாட்டின ரொட்டி, அவ்வளவுதான் விஷயம். பையனிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவனுக்கு யாரோ அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

கோவை வாசகி: ஆன்லைனில் இத்தாலியம் படிக்கிறேன். ஒற்றை மெய், இரட்டை மெய் வித்தியாசத்தை ஆசிரியர் விடாமல் வற்புறுத்துகிறார். அவ்வளவு முக்கியமா? தமிழருக்கு அது தண்ணீர் பட்ட பாடு என்று நீங்கள் எழுதியது நிஜமா?

இலை, இல்லை. இந்த இரண்டையும் குழப்பினால் பந்தியில் என்ன ஆகும்? அவ்வளவு முக்கியம். பாலா என்றால் மண்வாரி, பல்லா என்றால் பந்து. நோனோ ஒன்பதாவது, நொன்னோ தாத்தா. தோனோ என்பது தொனி, தொன்னோ என்பது சூரை மீன். இவற்றைத் தமிழில் எழுதும்போதே ஒன்று தெரிகிறது பாருங்கள். மெய் ஒற்றையாக வந்தால் முன்னால் நெடில், இரட்டையாக வந்தால் முன்னால் குறில். இத்தாலியரே தங்கள் எழுத்தில் இதைக் காட்டுவதில்லை, நம் எழுத்து காட்டிவிடுகிறது. காரணம் அசைதான். பா-லா என்று வெட்டினால் முதல் அசை உயிரோடு திறந்து நிற்கிறது, அதில் அழுத்தமும் விழுவதால் நீள்கிறது. பல்-லா என்று வெட்டினால் ல் வந்து கதவைச் சாத்திவிடுகிறது, நீள இடமில்லை.

ல, ன, ர, ம வரைக்கும் நமக்கு இது தண்ணீர் பட்ட பாடுதான். வல்லினத்தில்தான் வழுக்கி விழுவோம், அதைப் போன மாதம் சொல்லாமல் விட்டது என் தப்பு.

பெரூஜாவில் நான் மொழி படிக்கப் போன முதல் வாரம். ஒரு பாட்டியம்மா வீட்டில் மாடி அறையில் குடியிருந்தேன். ஜூலை வெயில், ஏற்றத்தில் நடந்து வந்து சமையலறை வாசலில் நின்று தாகம் என்று சொல்ல நினைத்தேன். தாகம் என்பது எஸ், ஈ, டி, ஈ என்ற நாலே எழுத்து. "எனக்குத் தாகம்" என்பதை அவர்கள் "ஓ" சேர்த்து "தாகம் வைத்திருக்கிறேன்" என்று சொல்வார்கள். ஆசிரியர் "த-வை மென்மையாக்காதே" என்று காலையில்தான் திட்டியிருந்தார், அதனால் அழுத்தி "ஓ செத்தெ" என்றேன். பாட்டி கரண்டியோடு திரும்பி, "ஏழா? ஏழு என்ன வைத்திருக்கிறாய்?" என்றார். செத்தெ என்றால் ஏழு. (நிஜமாகவே தாகத்தில் செத்துக்கொண்டுதான் இருந்தேன், அது வேறு.) சரி, அழுத்தம் கூடிவிட்டது என்று தளர்த்தி, நாம் 'சேதி' சொல்கிற மாதிரி த வைத்து "ஓ சேதெ" என்றேன். பாட்டி சிரித்தே விட்டார். அந்த மெல்லிய த-வோடு சொன்னால் இருக்கை, தலைமை அலுவலகம் என்று பொருள். முதுகில் பையைத் தவிர ஒன்றுமில்லாத ஆள், தலைமை அலுவலகம் வைத்திருக்கிறேன் என்கிறான்!

விஷயம் இதுதான். சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் க, த, ப-வை நாம் குழைத்துச் சொல்வோம், 'காது', 'பாதி', 'அபாயம்' என்று. இரட்டித்தால்தான் நமக்கு வல்லோசை வரும், 'காத்து', 'பத்தி', 'அப்பா' என்று. இத்தாலியருக்கு மூன்று படி உண்டு, குழைந்த த, வல்லோசை த, இரட்டை த. நடுப்படி நம் வீட்டில் இல்லை. ஆனால் நம் வாயில் இருக்கிறது. 'தெரு' என்று சொல்லுங்கள், சொல்லின் தொடக்கத்தில் வருகிறதே, அதுதான் அந்த த. ஆகவே சொல்லை அசை பிரித்து, இரண்டாவது அசையைப் புதுச் சொல் தொடங்குகிற மாதிரி தொடங்குங்கள்: சே | தெ. நடுவில் மூச்சு விடுகிற அளவுக்கு இடைவெளி. பத்து நாள் இப்படிச் சொன்னால் இடைவெளி தானாக மறைந்து ஒலி மட்டும் தங்கிவிடும். எனக்கு மூன்று வாரம் ஆனது.

பலெர்மோ (இத்தாலி) வாசகி: மகன் இங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கை தட்டித் தட்டிச் சொற்களை அசை பிரிக்கிற பாடம். 'பஸ்தா'வை நான் பஸ்-தா என்று பிரித்துச் சொல்லிக் குடுத்தேன். ரீச்சர் சிவப்பு மையால் வெட்டிப்போட்டு ப-ஸ்தா என்று எழுதி விட்டிருக்கிறா. தமிழில யோசிச்சதால பிழையாப் போச்சோ?

கொப்பியைப் பொறுத்தவரை ரீச்சர் சரி. காதைப் பொறுத்தவரை நீங்களும் சரி. சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, விளக்குகிறேன்.

பள்ளிக்கூட விதி இப்படிப் போகும். இரட்டை மெய் வந்தால் நடுவில் வெட்டு, பல்-லா. ல், ம், ன், ர் வந்து அடுத்து வேறு மெய் வந்தாலும் அவற்றுக்குப் பின்னால் வெட்டு, அல்-தோ, கன்-தோ. ஆனால் வல்லினத்துக்குப் பின் ர அல்லது ல வந்தால் பிரிக்கக் கூடாது, லீ-ப்ரோ, பா-த்ரே. எஸ் எழுத்துக்குப் பின் வேறு மெய் வந்தால் அந்த எஸ் எப்போதும் பின்னால் உள்ளதோடுதான் போகும், ப-ஸ்தா, ஃபி-னே-ஸ்த்ரா, மா-ஏ-ஸ்த்ரோ. இந்த எஸ்ஸுக்கு இத்தாலிய இலக்கணத்தில் 'தூய்மையற்ற எஸ்' என்றே பெயர். பாவம், என்ன தப்பு செய்ததோ.

நம் யாப்பில் ஒற்று எப்போதும் முன்னால் உள்ள எழுத்தோடுதான் ஒட்டும், தனியாக ஒரு அசையைத் தொடங்கவே தொடங்காது. அதனால் பஸ்-தா என்று உங்களுக்குக் கேட்டது இயற்கை. வேடிக்கை என்னவென்றால், ஒலியை ஆராய்கிற மொழியியலாளர்களில் பலர் உங்கள் கட்சி. ப-ஸ்தா என்றால் முதல் அசை திறந்து கிடக்க வேண்டும், அப்படியானால் 'பா' என்று நீள வேண்டும், ஆனால் யாரும் பாஸ்தா என்று நீட்டுவதில்லை, குறுக்கியே சொல்கிறார்கள். ஆகவே பேச்சில் அந்த ஸ் முன்னால்தான் ஒட்டியிருக்கிறது. இன்னொரு சாட்சி, சொல்லுக்கு முன்னால் வரும் குறிச்சொல். அப்பாவுக்கு 'இல் பாத்ரே', ரயிலுக்கு 'இல் த்ரேனோ', ஆனால் மாணவனுக்கு மட்டும் 'லோ ஸ்துதென்தெ'. உயிரில் முடியும் 'லோ' வந்தால்தான் அந்த ஸ் சாய்ந்துகொள்ள ஒரு தோள் கிடைக்கும்: லோஸ்-து-தென்-தெ.

தோள் கிடைக்காதபோது பழைய இத்தாலியர் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்னால் ஒரு இ போட்டார்கள். 'ஸ்க்ரித்தோ' என்றால் எழுதியது, 'எழுத்து மூலமாக' என்பதற்கு இன்றைக்கும் 'பெர் இஸ்க்ரித்தோ' என்றுதான் சொல்கிறார்கள். நம் கிராமத்தில் ஸ்கூலை 'இஸ்கூல்' என்றால் நகரத்துக்காரர் சிரிப்பார். அதே வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள்.

மகனிடம் வீட்டுப்பாடத்தில் ரீச்சர் சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். கை தட்டுவதில் குழப்பமில்லை, எப்படி வெட்டினாலும் இரண்டு தட்டுத்தான்.

தஞ்சை வாசகர்: இத்தாலியத்தில் 'ஒத்தோ' என்றால் எட்டு, 'மம்மா' என்றால் அம்மா, 'நொன்னோ' நம் நைனா. இதெல்லாம் தமிழிலிருந்து போனது என்று ஒப்புக்கொள்ள உங்களுக்கு என்ன தயக்கம்?

தயக்கம் ஒன்றுமில்லை, சான்று இல்லை. வேர் தேடுகிறவர் இன்றைய முகத்தை ஒப்பிடக் கூடாது, இரண்டையும் பின்னோக்கி நடத்திக்கொண்டு போக வேண்டும். போகப் போக நெருங்கினால் உறவு, விலகினால் தற்செயல். ஒத்தோ லத்தீனில் 'ஒக்தோ'. நம் எட்டு, எண்பதிலும் எண்ணூறிலும் தெரிகிறதே அந்த 'எண்'. ஒக்தோவும் எண்ணும் எங்கே, எங்கே? மம்மா, நொன்னோ எல்லாம் குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள், எந்த ஊரிலும் கிடைக்கும்.

ஆனால் அந்த ஒக்தோ ஒத்தோ ஆன விதம் இருக்கிறதே, அது நீங்கள் சொன்னதைவிடச் சுவையானது. லத்தீனில் க் பக்கத்தில் த வந்தால் இத்தாலியத்தில் க் மறைந்து த் இரட்டித்துவிடும். இரவு 'நொக்தெ' என்பது 'நொத்தெ', பால் 'லக்தெ' என்பது 'லத்தெ'. ப் பக்கத்தில் வந்தாலும் அதேதான். ஏழு 'செப்தெம்' என்பது 'செத்தெ', 'ஸ்க்ரிப்தும்' என்பது 'ஸ்க்ரித்தோ'. இதை எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? ரக்தம் நம்மிடம் ரத்தம் ஆனது, முக்தி முத்தி ஆனது, பக்தி பத்தி ஆனது, சப்தம் சத்தம் ஆனது. உறவு எதுவும் இல்லாத இரண்டு வாய்கள் ஒரே முடிச்சை ஒரே மாதிரி அவிழ்த்திருக்கின்றன. இத்தாலியம் லத்தெ என்று ஆக்கியதைத்தான் நாம் காபிக்கடையில் கேட்கிறோம். ஆனால் இத்தாலியில் வெறுமனே லத்தெ கேட்டால் ஒரு தம்ளர் பால் வரும், காபி வராது.

இன்னொரு வாய்ப்பாடு: லத்தீனின் 'க்ல, ப்ல, ஃப்ல' எல்லாம் இத்தாலியத்தில் 'கிய, பிய, ஃபிய'. சாவி 'க்லாவெ' என்பது 'கியாவெ', பூ 'ஃப்லோரெ' என்பது 'ஃபியோரெ', தட்டையான 'ப்லானோ' என்பது 'பியானோ'. தட்டையான, அதிராத, மெதுவான என்று பொருள் விரிந்து, இசையில் மெல்லிய ஓசைக்குப் பெயராகி, கடைசியில் அந்த இசைக்கருவிக்கே பெயராகிவிட்டது. இந்த இரண்டு வாய்ப்பாடு தெரிந்தால் லத்தீன் அகராதியில் பாதியை நீங்களே இத்தாலியமாக்கிவிடலாம்.

உண்மையிலேயே நம் பக்கத்திலிருந்து போனவையும் உண்டு, கவலை வேண்டாம். 'ஜென்ஸெரோ' என்ற இத்தாலிய இஞ்சி, பாலி, கிரேக்கம், லத்தீன் என்று ஊர் ஊராகச் சுற்றிப் போன நம் பக்கத்து இஞ்சிதான். 'மாங்கோ' போர்ச்சுக்கீசியர் தூக்கிக்கொண்டு போனது. 'கதமரானோ' என்ற படகு நம் கட்டுமரம். எனக்கு ரொம்பப் பிடித்தது உறவே இல்லாத இன்னொன்று. இத்தாலியத்தில் தலைக்கு 'தெஸ்தா'. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு மண்சட்டி என்று பொருள். நம் 'மண்டை'யும் சங்கப் பாட்டில் பாணர்கள் கள்ளும் சோறும் வாங்கும் பாத்திரம். தலையைப் பார்த்தால் சட்டி ஞாபகம் வருவது உலகப் பொது போல.

ஈரோடு வாசகி: ஃபோன் செயலியில் இத்தாலியம் படிக்கிறேன். எ எழுத்தின் தலையில் சில இடத்தில் இந்தப் பக்கம் சாய்ந்த கோடு, சில இடத்தில் அந்தப் பக்கம் சாய்ந்த கோடு. என்ன வித்தியாசம்?

இத்தாலியத்தில் உயிரெழுத்து ஐந்து, உயிரொலி ஏழு. எ-வும் ஒ-வும் ஆளுக்கு இரண்டு விதம். வாயை அகலத் திறந்து ஒன்று, குவித்து ஒன்று. காபிக்கான 'கஃபே'யில் திறந்த எ, 'ஏன்' என்று பொருள்படும் 'பெர்கே'யில் குவிந்த எ. கோடு சாயும் திசை அதைத்தான் காட்டுகிறது. ஆனால் சொல்லின் கடைசியில் அழுத்தம் விழும்போது மட்டும்தான் கோடு கட்டாயம், நடுவில் வந்தால் போட மாட்டார்கள். 'பெஸ்கா' என்று எழுதியிருந்தால் திறந்து சொன்னால் பீச் பழம், குவித்துச் சொன்னால் மீன்பிடித்தல், எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிசிலிக்காரர் இரண்டையும் ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார், உலகம் நின்றுவிடவில்லை.

இதைச் சரிசெய்ய ஒருவர் முயன்றார். விசென்ஸா ஊர் ஜான் ஜோர்ஜோ த்ரிஸ்ஸினோ, 1524-இல். திறந்த எ-வுக்கும் திறந்த ஒ-வுக்கும் கிரேக்கத்திலிருந்து தனி எழுத்து கடன் வாங்கலாம் என்று போப்பாண்டவருக்கே திறந்த கடிதம் எழுதி அச்சிட்டார். புலவர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள், திட்டம் படுத்துவிட்டது. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழித்து இன்னொரு இத்தாலியர் இங்கே வந்து நம் எ, ஒ-வில் கை வைத்தார். சுவடியில் புள்ளி விட்டுப்போனதால் எரி எது ஏரி எது என்று தெரியாமல் கிடந்ததை, ஏ-வுக்குக் காலும் ஓ-வுக்குச் சுழியும் கொடுத்துப் பிரித்தவர் நம் பெஸ்கி. எ-ஒ சண்டையில் சொந்த ஊரில் ஒருவர் தோற்றார், நம் ஊரில் ஒருவர் ஜெயித்தார். இவர் அவரைப் படித்திருப்பாரா என்று கேட்டு எழுதாதீர்கள், அந்த ஒற்றுமையை ரசிப்பதோடு சரி.

நாகர்கோவில் வாசகர்: 'சாவ்' என்றால் என்ன? ஹலோவா, டாட்டாவா?

இரண்டும்தான். வெனிஸ் பேச்சில் 'ஸ்ச்சாவோ', அதாவது 'உங்கள் அடிமை'. பொது இத்தாலியத்தில் அடிமை 'ஸ்கியாவோ', லத்தீனில் 'ஸ்க்லாவுஸ்'. மேலே சொன்ன க்ல-கிய வாய்ப்பாடு இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். வைணவர் 'அடியேன்' என்று கும்பிடுவாரே, அதே பணிவு. இன்றைக்கு அதைச் சொல்கிற எந்த இத்தாலியருக்கும் அடிமை ஞாபகம் வராது. ஒரே அசை. நடுவில் எழுதியிருக்கும் ஐ எழுத்தைப் பலுக்காதீர்கள், அது ச-வுக்கு அடையாளம் மட்டும். முன்பின் தெரியாத பெரியவர்களிடம் சொல்ல வேண்டாம், 'டேய்' என்கிற தொனி வந்துவிடும்.

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: வல்லினம் மிகும் இடங்கள் என்று நாம் படிப்பது போல வேறு மொழியில் கிடையாது என்று முப்பது ஆண்டு வகுப்பில் சொல்லி வந்தேன். உங்கள் இத்தாலியத்தில் உண்டா?

ஐயா, மன்னிக்க வேண்டும், உண்டு.

'அ' என்றால் இடத்தைக் குறிக்கும் உருபு, 'காசா' என்றால் வீடு. எழுதுவது 'அ காசா', சொல்வது 'அக்காசா'. அ என்னும் சுட்டு வந்தால் 'அக்காலம்' ஆகிறதே, காதுக்கு அச்சு அசல் அதேதான். லத்தீனில் அந்த உருபு 'அத்', கடைசி மெய் அழிந்தபோது அடுத்த சொல்லின் மெய்யை இரட்டிக்க வைத்துவிட்டுப் போனது. சில சொற்களில் எழுத்திலேயே ஒட்டிவிட்டது. 'அ'வோடு கடவுளைக் குறிக்கும் 'தியோ' சேர்ந்தால் 'அத்தியோ', போய் வருகிறேன். 'சோப்ரா'வோடு 'துத்தோ' சேர்ந்தால் 'சொப்ரத்துத்தோ', எல்லாவற்றுக்கும் மேலாக. உங்கள் பெருமைக்கு ஒரு மிச்சம் வைக்கிறேன்: நமக்குக் க, ச, த, ப மட்டும் மிகும் என்று வரம்பு இருக்கிறது, அவர்களுக்கு எந்த மெய் வந்தாலும் மிகும். அதுவும் நடு இத்தாலியிலும் தெற்கிலும்தான். மிலான்காரருக்கு மிகாது, பள்ளியில் யாரும் சொல்லித்தருவதும் இல்லை, அதனால் பிழை திருத்தும் பாக்கியம் அவர்கள் ஆசிரியர்களுக்குக் கிடைப்பதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். ஃப்ளாரன்ஸ் பக்கத்தில் உயிர்களுக்கு நடுவே க வந்தால் ஹ ஆகிவிடும். 'லா காசா' என்பது 'லா ஹாசா'. ஆனால் 'அக்காசா'வில் க இரட்டித்ததால் ஹ ஆகாது. மகன் என்று எழுதி மஹன் என்கிறோம், மக்கள் என்றால் க தப்பித்துக்கொள்கிறது. நான் ஃப்ளாரன்ஸ் சந்தையில் காய்கறிக்காரர் பேசக் கேட்டபோது, அர்த்தம் புரியும் முன்பே, இந்தாள் நம்மூர்க்காரர் என்று தோன்றியது இதனால்தான்.

சேலம் வாசகர்: எந்த அசையை அழுத்துவது? விதியே இல்லை என்கிறார்களே.

முழு விதி இல்லை, முக்கால் விதி இருக்கிறது. பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்திய அசை. அந்த அசை மெய்யால் மூடியிருந்தால் அநேகமாக அங்கேதான், பலெர்-மோ, ஸ்பகெத்-தி. தாரந்தோ என்ற ஊர் மட்டும் அடங்காமல் முதல் அசையில் அழுத்தம் வாங்கிக்கொள்ளும். அது திறந்திருந்தால்தான் தலைவலி, நாபொலி, ஜேனொவா, மோதெனா என்று ஊர்ப் பெயர்கள் பல ஒரு படி முன்னால் போய்விடும். இப்படி முன்னால் போகும் சொல்லுக்கு இத்தாலியர் வைத்த பெயர் 'வழுக்குச் சொல்'. பொருத்தமான பெயர்தான். ஒரே எழுத்துகளில் 'கபிதானோ', தா-வை அழுத்தினால் தலைவன், கா-வை அழுத்தினால் 'நேர்கின்றன'. கடைசியில் அழுத்தி, தலையில் கோடும் போட்டால் 'தலைமை தாங்கினான்'. அகராதி ஒன்று கைவசம் வையுங்கள், வேறு வழி இல்லை.

புதுச்சேரி வாசகி: தினமும் சொல்லிப் பழக ஒரு வாக்கியம் தாருங்களேன்.

கடைக்குப் போய் விலை கேட்கத் தெரிந்தாலே பெரிய பழக்கம். 'எவ்வளவு' என்பதற்கும் 'எப்போது' என்பதற்கும் இத்தாலியத்தில் ஒரே ஒரு மெய்தான் வித்தியாசம். எவ்வளவு 'க்வான்-தோ', தெருவில் வரும் த. எப்போது 'க்வாந்தோ', பந்தில் வரும் த. நமக்கு ன் பக்கத்தில் த வந்தாலே பந்து த ஆகிவிடும், அதனால் தமிழர் ஆப்பிளைக் காட்டி 'எப்போது?' என்று கேட்போம், கடைக்காரர் விழிப்பார். இதற்கும் மருந்து அசை பிரிப்புத்தான். க்வான் என்று நிறுத்தி, மூச்சு எடுத்து, தோ.

இதைப் பழக இத்தாலியக் குழந்தைகளின் நாப்பிறழ் வாக்கியம் ஒன்று இருக்கிறது, ஓடுகிற நரியில் ஒரு நரி கிழநரி மாதிரி. த்ரென்தோ என்ற ஊருக்குள் அந்த ஊர்க்காரர் முப்பத்துமூன்று பேர் குதித்துக் குதித்து நுழைந்தார்கள், முப்பத்துமூன்று பேருமே, என்று பொருள். த்ரென்-தா-த்ரே த்ரென்-தீ-னி என்-த்ரா-ரொ-னொ அ த்ரென்-தோ, துத்-தி எ த்ரென்-தா-த்ரே, த்ரொத்-தெ-ரெல்-லான்-தோ. முதலில் ஐந்து இடத்தில் ன் பக்கத்தில் த வருகிறது, ஐந்தையும் வெட்டி நிறுத்தி தெரு த-வாகச் சொல்ல வேண்டும். கடைசிச் சொல்லின் வாலில் வரும் ஆறாவது மட்டும் பந்து த. அங்கே நிறுத்தாதீர்கள், நாக்கை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.